அம்பாசடர் எஞ்சினை இறக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அம்பாசடரைப் புதுப்பிக்க ஆரம்பிப்பவர்களுக்கு எஞ்சின் இறக்கும் கட்டத்தில் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பேசுவது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ள பழைய மார்க் வண்டிகளைப் பற்றி. டீசலுக்கும், பின்னால் வந்த இசுசூ எஞ்சினுக்கும் பொதுவான விஷயங்கள் பொருந்தும், அளவுகள் பொருந்தாது.

அண்ணே, எஞ்சினை இறக்கித்தான் ஆகணுமா? மேலேயே வச்சு வேலை பாக்க முடியாதா?

எல்லா வேலைக்கும் இறக்க வேண்டியதில்லை. ஹெட் கேஸ்கெட், வால்வு வேலை, தண்ணீர் பம்ப், கார்ப்பரேட்டர் எல்லாம் வண்டியில் இருக்கும்போதே முடியும். ரேடியேட்டரை எடுத்துவிட்டால் டைமிங் செயினையும் பார்த்துவிடலாம். க்ளட்ச் மட்டும்தான் பிரச்சினை என்றால் கீழேயிருந்து கியர்பாக்ஸை இறக்கினால் போதும்.

ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), க்ராங்க் கிரைண்டிங், பேரிங் என்று வந்துவிட்டால் இறக்கித்தான் ஆக வேண்டும். வண்டியை முழுதாகப் பிரித்து பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால், எஞ்சின் நன்றாக ஓடினாலும் இறக்கிவிடுங்கள். எஞ்சின் இருக்கும்போது அதற்குப் பின்னால் உள்ள தகட்டில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இது மோரிஸ் எஞ்சினா, ஆஸ்டின் எஞ்சினா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். வண்டி மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. எஞ்சின் ஆஸ்டின் வடிவமைத்த பி சீரிஸ். 1952-இல் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆனபோது இந்த எஞ்சின் மோரிஸ் வண்டிகளுக்குள்ளும் வந்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரில் முதலில் சைடு வால்வு எஞ்சின்தான் (வால்வுகள் ப்ளாக்கின் பக்கவாட்டில்) இருந்தது; 1959-இல் இந்த ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் (வால்வுகள் மேலே ஹெட்டில்) வந்தது. சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. ப்ளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் ஒரு பலன் உண்டு. எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. போன்ற வண்டிகளில் ஓடியதும் இதே குடும்பத்து எஞ்சின். அந்த வண்டிகளுக்கான ஒர்க்ஷாப் மேனுவலில் உள்ள படங்களைப் பார்த்தே நம் எஞ்சினைப் பாதி புரிந்துகொள்ளலாம். ஆனால் எம்.ஜி.பி. 1798 சி.சி. எஞ்சின், அதன் பிஸ்டன், பேரிங் அளவுகளை நம் வண்டிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. டார்க் அளவுகளுக்கு, அதாவது எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு, உங்கள் மாடலுக்கான மேனுவலை மட்டும் நம்புங்கள்.

எவ்வளவு வெயிட் இருக்கும்? நாலு பேர் சேர்ந்து தூக்கிடலாமா?

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 200 கிலோவை ஒட்டி வரும். கையால் தூக்கும் பேச்சே வேண்டாம். நாலு பேர் பானட் பக்கத்தில் நின்று குனிந்து தூக்கும்போது யார் முதுகு பிடித்துக்கொண்டாலும் மொத்த எடையும் அடுத்தவர் விரலில் இறங்கும்.

தூக்குவது செயின் பிளாக்கோ கிரேனோவாக இருக்கட்டும். ஆள் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும், மூன்று பேர் என்றால் நிம்மதி. ஒருவர் சங்கிலியை இயக்க, ஒருவர் எஞ்சினின் முன்பக்கத்தைத் திருப்பிவிட, மூன்றாமவர் கீழே கியர்பாக்ஸ் வாலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று பேரில் ஒருவர் சொல்வதைத்தான் மற்ற இருவரும் கேட்க வேண்டும். ஆளாளுக்கு 'ஏத்து', 'இறக்கு' என்று கத்தும் இடத்தில்தான் விரல் நசுங்குகிறது.

எங்க வீட்டு வேப்பமரத்துல செயின் பிளாக் கட்டலாமா?

மரக்கிளை வேண்டாம். பச்சைக் கிளை முறிவதற்கு முன்னால் வளையும். வளைந்தால் எஞ்சின் ஊசலாடும். கார் ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தாங்கும் பைப்பும் வேண்டாம், அது ஷீட்டின் எடைக்குப் போட்டது. இரும்புக் குழாயால் செய்த முக்காலி ஸ்டாண்டு என்றால் கால்கள் விரியாமல் இருக்க மூன்றையும் சங்கிலியால் பிணைத்துக்கொள்ளுங்கள். மண் தரையாக இருந்தால் ஒவ்வொரு காலின் அடியிலும் கனமான பலகை வேண்டும்.

வாடகைக்கு எஞ்சின் கிரேன் கிடைத்தால் அதுவே நல்லது. ஆனால் 2 டன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கையை முழுதாக நீட்டினால் பல கிரேன்கள் அரை டன்தான் தாங்கும். கையில் ஒவ்வொரு துளைக்கும் நேராக எடை எழுதியிருக்கும், பாருங்கள். சிமென்ட் தரை சமமாக இருக்க வேண்டும். வாசல் சரிவில் இந்த வேலை செய்யவே கூடாது.

என்கிட்ட 13, 14 ஸ்பேனர் செட் இருக்கு சார், அது போதாதா?

போதாது. இந்த எஞ்சினில் பெரும்பாலும் அங்குல அளவு நட்டு போல்ட்டுதான். 7/16, 1/2, 9/16, 5/8 ஸ்பேனர்களும் அதே அளவு சாக்கெட்டுகளும் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனர் போட்டால் பிடிப்பது போலத்தான் இருக்கும். துருப்பிடித்த நட்டில் பலம் கொடுத்ததும் முனைகள் மழுங்கி, பிறகு எந்த ஸ்பேனரும் நிற்காது. பழைய வண்டிகளில் பார்க்கும் உருண்டை நட்டுகளில் பெரும்பாலானவை இப்படிக் கெட்டவைதான்.

இன்னொன்று. ஐம்பது வருஷம் பல கைகள் பட்ட வண்டி இது. நடுவில் யாரோ மில்லிமீட்டர் போல்ட்டையும் முறுக்கியிருப்பார்கள். ஸ்பேனர் சரியாக உட்காராவிட்டால் அழுத்தாமல் அடுத்த அளவைப் போட்டுப் பாருங்கள்.

இறக்குறதுக்கு முன்னாடி வண்டியிலேயே என்னென்ன செக் பண்ணணும்?

எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால், இறக்கிய பிறகு எந்தப் பணத்தாலும் வாங்க முடியாத தகவல் இப்போது இலவசமாகக் கிடைக்கும். நன்றாகச் சூடானதும் ஐடிலில் ஆயில் பிரஷர் எவ்வளவு, எந்தப் பக்கம் சத்தம், புகை வெள்ளையா நீலமா, கியர் மாற்றும்போது உறுமல் உண்டா என்று எழுதி வையுங்கள். நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) பாருங்கள். ஒரு சிலிண்டரில் குறைவாக இருந்தால் ப்ளக் துளை வழியே கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்குகள் தேய்ந்திருக்கும். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். லேத் பட்டறையில் போய் நிற்கும்போது "எல்லாத்தையும் மாத்தணும்" என்று சொன்னால், இந்தக் காகிதம்தான் உங்கள் பக்கம் பேசும்.

அடுத்தது எஞ்சின் நம்பர். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணும் எஞ்சினில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று இறக்குவதற்கு முன்பே பாருங்கள். படம் எடுங்கள், பென்சில் பிரிண்டும் எடுத்து வையுங்கள். எண் தனித் தகட்டில் ரிவெட் அடித்து இருந்தால், ப்ளாக்கை ஆசிட்டில் போட்டுக் கழுவும் இடத்தில் அது காணாமல் போகலாம். "தகடு இருக்கிறது, திருப்பித் தர வேண்டும்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே ஆர்.சி. கேள்வியில் சொல்கிறேன்.

பேட்டரியில மைனஸைத்தானே முதல்ல கழட்டணும்?

பழைய அம்பாசடரில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. அந்தக் காலத்து லூக்காஸ் மின் அமைப்பில் ப்ளஸ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். பின்னால் பலர் மாற்றியிருப்பார்கள், சிலர் மாற்றியிருக்க மாட்டார்கள். அதனால் விதி ஒன்றுதான்: பாடிக்குப் போகும் கேபிள் எதுவோ அதை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு. மற்றதை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய பொறி பறக்கும். பக்கத்தில் பெட்ரோல் குழாய் இருக்கிறது.

எது எர்த் என்பதைப் பேட்டரி மேடையிலேயே பெயின்ட்டால் எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது மாறிப்போனால், ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டியில் அது அந்த நொடியே போய்விடும்.

சரி, எந்த வரிசையில கழட்டணும்?

மெக்கானிக்குக்கு மெக்கானிக் வரிசை மாறும். பேட்டரிக்கு அடுத்தது பானட். கீல் உட்காரும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். பானட் கனமானது; ஒரு முனை நழுவினால் முன் கண்ணாடிக்குத்தான் ஆபத்து.

பிறகு தண்ணீர். ரேடியேட்டர் டேப்பைத் திறந்தால் மட்டும் போதாது, ப்ளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு டேப் உண்டு. திறந்ததும் தண்ணீர் வராவிட்டால் உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை. வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றிய வண்டியில் அந்தத் துளை சேறாகி அடைத்திருக்கும். கம்பியை விட்டுக் குத்தினால் செம்மண் நிறத்தில் கொட்டும். கூலன்ட் ஊற்றியிருந்தால் பாத்திரத்தில் பிடித்து மூடி வையுங்கள். அது இனிக்கும், நாய் குடித்தால் செத்துவிடும். எஞ்சின் ஆயிலையும் இப்போதே இறக்கிவிடலாம். ரேடியேட்டரை வெளியே எடுத்து, கிரில்லையும் கழற்றிவிட்டால் முன்பக்கம் தாராளமாகத் திறந்துவிடும், தூக்க வேண்டிய உயரமும் குறையும்.

அப்புறம் ஒட்டியிருக்கும் எல்லாம்: பெட்ரோல் குழாய் (கழற்றியதும் முனையை அடைக்கவும்), சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் இணைப்பு, டைனமோ வயர்கள், செல்ஃப் மோட்டார் கேபிள், காயிலிலிருந்து வரும் ஒயர்கள், ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாய். டெம்பரேச்சர் மீட்டரின் உணர்முனை மெல்லிய செப்புக் குழாயோடு ஒரே துண்டாக இருந்தால் அதை வளைக்கவோ வெட்டவோ கூடாது. வெட்டினால் மீட்டரே போச்சு. சைலன்சர் குழாயை மேனிஃபோல்டிலிருந்து பிரிக்கும் நட்டுகளுக்கு முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அங்கே ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முறிந்தால் அரை நாள் போய்விடும். கீழே க்ளட்ச் இணைப்பு, ஸ்டியரிங் தண்டிலிருந்து வரும் கியர் ராடுகள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். ஷாஃப்ட்டைப் பிரிக்கும் முன் இரண்டு ஃப்ளாஞ்சிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள், அதே நிலையில் திரும்ப மாட்டினால்தான் அதிர்வு வராது. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைக் கடைசியாக ஒருமுறை தேடிப் பாருங்கள். மவுன்டிங் போல்ட்டுகளை, எடை சங்கிலியில் ஏறிய பிறகுதான் உருவ வேண்டும்.

கியர்பாக்ஸோட சேத்து இறக்கறதா, எஞ்சினை மட்டும் இறக்கறதா?

முழுப் புதுப்பிப்பு என்றால் சேர்த்தே இறக்குங்கள். கியர்பாக்ஸையும் எப்படியும் பிரித்துப் பார்க்கத்தான் போகிறீர்கள். இரண்டையும் தரையில் வைத்துப் பிரிப்பது எளிது. ஒரே சிரமம், வெளியே வரும்போது எஞ்சின் நன்றாகச் சாய்ந்து, வால் கீழே போகும். அப்போது கியர்பாக்ஸின் பின்முனை வழியே எண்ணெய் கொட்டும். முன்பே வடித்துவிடுங்கள், அல்லது பாலிதீன் பையைப் போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

எஞ்சினை மட்டும் எடுப்பது என்றால் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கியும் மரக்கட்டையும் வைத்துவிட்டு, எஞ்சினை நேராக முன்னால் இழுத்த பிறகே மேலே தூக்க வேண்டும். கியர்பாக்ஸின் முன் தண்டு க்ளட்ச் ப்ளேட்டுக்குள் இருக்கும்போது எடையை அதில் தொங்கவிட்டால் ப்ளேட் கோணிப்போகும். மாட்டிய பிறகு க்ளட்ச் நடுங்கும், காரணம் தேடி அலைவீர்கள்.

சங்கிலியை எங்கே கட்டணும்? எங்க மெக்கானிக் கயிறு போதும்னு சொல்றார்.

கயிறு வேண்டாம், தேங்காய் நார் வடமாக இருந்தாலும் வேண்டாம். எண்ணெய் பட்ட கயிறு முடிச்சில் வழுக்கும், வார்ப்பிரும்பின் முனையில் அறுபடும். எடைக்குத் தகுந்த சங்கிலி அல்லது எடை எழுதிய ஸ்லிங் பெல்ட் வாங்குங்கள்.

ஹெட் ஸ்டட்டுகளில் கனமான இரும்புப் பட்டையைப் பொருத்தி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாகக் கட்டுவது நல்லது. ஹெட்டைக் கழற்ற உத்தேசம் இல்லாவிட்டால், அந்த நட்டுகளை மீண்டும் சரியான டார்க்கில் இறுக்க வேண்டும். மேனிஃபோல்ட், தண்ணீர் பம்ப், ராக்கர் கவர் தகடு, டைனமோ பிராக்கெட் எதிலும் எடையைத் தொங்கவிடக் கூடாது. சங்கிலி டிஸ்ட்ரிபியூட்டரை உரசாமல் போகிறதா என்றும் பாருங்கள். முதலில் ஒரு விரல் அளவு தூக்கி, நிறுத்தி, எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

எல்லாத்தையும் கழட்டிட்டேன், ஆனா எஞ்சின் வர மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் இழுக்கலாமா?

இழுக்காதீர்கள். வராத எஞ்சினை எங்கேயோ ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் எர்த் பட்டை, ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் ராடு, இல்லையென்றால் கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் விட்டுப்போன ஒரு போல்ட். கொஞ்சம் இறக்கி, எடையை மவுன்டிங்கில் உட்கார வைத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு பக்கமாகக் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

எதுவும் பிடிக்கவில்லை, ஆனால் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) முட்டுகிறது என்றால் கோணம் போதவில்லை என்று அர்த்தம். முன்பக்கச் சங்கிலியைச் சுருக்கி, பின்பக்கத்தை நீட்டிவிட்டால் மூக்கு மேலே எழும்பும். தொங்கும் எஞ்சினின் கீழே கையோ தலையோ ஒரு கணம்கூடப் போகக் கூடாது.

வண்டி பத்து வருஷமா நிக்குது, எஞ்சின் ஜாம். இறக்குறதுக்கு முன்னாடி சுத்த வைக்கணுமா?

இறக்குவதற்கு எஞ்சின் சுழல வேண்டிய அவசியமில்லை. ஜாம் ஆனபடியே கியர்பாக்ஸோடு வெளியே வந்துவிடும். ஆனாலும் வண்டியில் இருக்கும்போதே முயற்சி செய்வது நல்லது. நாலு ப்ளக்கையும் கழற்றி, டீசலும் ஏ.டி.எஃப். எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி, சில நாள் ஊற விடுங்கள். பிறகு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு முன்னும் பின்னுமாக, மெதுவாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் மறுபடி ஊற்றி மறுபடி ஆட்டுங்கள்.

கியரைப் போட்டு இன்னொரு வண்டியால் இழுத்துச் சுற்ற வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். துருவில் ஒட்டிய ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறும். ஒட்டிய வால்வு இருந்தால், அதைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும். ரீபோர் அளவுக்குள் காப்பாற்றியிருக்கக்கூடிய ப்ளாக், ஒரே இழுப்பில் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் புதுக் குழாய்) போடும் நிலைக்குப் போய்விடும்.

நட்டு போல்ட் எல்லாம் ஒரே டப்பாவுல போட்டு வச்சிருக்கேன், பரவாயில்லையா?

இன்றைக்கே பிரித்துவிடுங்கள். எது எங்கே என்று அடுத்த வாரம் வரைக்கும் ஞாபகம் இருக்கும், அடுத்த வருஷம் இருக்காது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ஜிப் கவர், உள்ளே பென்சிலில் எழுதிய அட்டை. பேனா, மார்க்கர் எழுத்து டீசல் பட்டால் அழிந்துவிடும், பென்சில் அழியாது. முடிந்த இடத்தில் போல்ட்டை அதன் துளையிலேயே திரும்பப் போட்டு கையால் இறுக்கி வைப்பது எல்லாவற்றிலும் நல்லது. நீளம் மாறிய ஒரே ஒரு போல்ட் உள்ளே போய் ப்ளாக்கை விரிசல் விட வைக்கும்.

புஷ்ராடுகளுக்கு ஓர் அட்டையில் 1 முதல் 8 வரை துளை போட்டு, வந்த வரிசையிலேயே குத்தி வையுங்கள். உருவும்போது அடியில் உள்ள டேப்பட் (கேமுக்கும் புஷ்ராடுக்கும் நடுவில் இருக்கும் துண்டு) எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டு சேர்ந்து வரும். மெதுவாகச் சுழற்றிவிட்டு எடுங்கள்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே வேற என்ன வேலை பாத்துக்கலாம்?

எஞ்சின் இருந்த இடத்தைக் கழுவி, துரு பார்த்து, பிரேக் குழாய்கள், ஸ்டியரிங் ராக், வயரிங் எல்லாவற்றையும் இப்போது பார்த்துவிடுங்கள். பெட்ரோல் ஹோஸை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். க்ளட்ச் ஹவுசிங்குக்குள் இருக்கும் தூசியைக் கம்ப்ரெஸ்ஸர் காற்றால் ஊதாதீர்கள். பழைய க்ளட்ச் ப்ளேட்டிலும் சைலன்சர் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஹெட்டை லேத்துக்குக் கொடுக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட் போடச் சொல்லுங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. இந்தியா முழுக்க 2000 பிப்ரவரி முதல் ஈயமில்லாத பெட்ரோல்தான். வார்ப்பிரும்பில் நேராக வெட்டிய சீட், நெடுஞ்சாலை வேகத்தில் தேய்ந்துகொண்டே போகும்.

பின்னாடி க்ளட்ச் பக்கம் ஆயில் ஒழுகுது. இறக்குனப்பவே சீல் மாத்திடலாம்ல?

மாற்றுவதற்கு அங்கே ரப்பர் சீலே கிடையாது. மூன்று மெயின் பேரிங் உள்ள இந்த எஞ்சினில், க்ராங்கின் பின்முனையில் திருகுபோல ஒரு பள்ளம் சுற்றிச் செல்லும். சுழலும்போது அதுவே எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். க்ளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளையும் அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்ப்ளிட் பின்னும் இருக்கும்; கசியும் எண்ணெய் க்ளட்சில் படாமல் வெளியே சொட்டத்தான் அது. அங்கே இரவில் ஒன்றிரண்டு சொட்டு விழுவது இந்த எஞ்சினின் இயல்பு.

குட்டையாகத் தேங்கினால் காரணம் இரண்டு. ஒன்று, மெயின் பேரிங் தேய்ந்து க்ராங்க் கீழே உட்கார்ந்து, பள்ளத்துக்கும் ப்ளாக்குக்கும் நடுவில் இடைவெளி கூடியிருக்கும். இன்னொன்று, ரிங் தேய்ந்து சம்ப்புக்குள் காற்றழுத்தம் ஏறியிருக்கும். இரண்டுக்கும் மருந்து எஞ்சின் வேலைதான். இரண்டில் காரணம் எது என்பதை முன்பு எழுதி வைத்த கம்ப்ரெஷன் அளவு சொல்லிவிடும். ஸ்ப்ளிட் பின்னைத் தேவையில்லாத கம்பி என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். துளை அடைத்துக்கொள்ளாமல் காப்பது அதுதான்.

லேத்துல ரெண்டு மாசம் ஆகும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் வண்டியையும் எஞ்சினையும் எப்படி வைக்கிறது?

எஞ்சின் இறங்கியதும் வண்டியின் மூக்கு எழும்பும், எடை முழுதும் பின்னால் போகும். ஸ்டாண்டு மேல் நிற்கும் வண்டி என்றால் இதை முன்பே யோசித்துப் பின்பக்கத்துக்கும் தாங்கு கொடுத்திருக்க வேண்டும். தள்ளி நகர்த்தலாம், ஆனால் மெதுவாக. ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனிமேல் கியரில் போட்டு நிறுத்த முடியாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ரீபோர் ஆகி வந்த ப்ளாக்கை அப்படியே மூலையில் வைத்தால் ஒரே வாரத்தில் சிலிண்டர் சுவர் செம்பழுப்பாகும். கடலோர ஊர்களில் அதற்கும் முன்னாலேயே. வந்த அன்றே எஞ்சின் ஆயிலைத் தாராளமாகத் தடவி, துணியால் மூடுங்கள். இறுக்கமாகப் பிளாஸ்டிக் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும். இன்டேக், எக்ஸாஸ்ட் துளைகளில் எலி கூடு கட்டாமலிருக்கத் துணி அடைக்கலாம். அடைக்கும் துணி பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும், எத்தனை துண்டு என்று எழுதி எஞ்சின் மேலேயே கட்டித் தொங்கவிடுங்கள்.

எதுக்கு இவ்வளவு கஷ்டம், இசுசூ எஞ்சினைத் தூக்கி வச்சிட்டா என்ன? ஆர்.சி.யில பிரச்சினை வருமா?

ஓட்டுவதற்கு அது நல்ல எஞ்சின்தான். ஆனால் எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து, புது எண்ணை ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டினால் எஃப்.சி. புதுப்பிக்கும்போதும் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். நம்பரில் மாநில எழுத்துக்குப் பின்னால் வி.ஏ. என்று வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவு 5,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று போய் வரலாம். மார்க் 2 வண்டி வைத்திருப்பவர்கள் அசல் பி சீரிஸ் எஞ்சினைக் காப்பாற்றி வைத்தால்தான் இந்த வழி திறந்திருக்கும். என்னைக் கேட்டால், ப்ளாக் விரிசல் விடாத வரை அசலைத்தான் சரிசெய்ய வேண்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றாலும் பழைய எஞ்சினை எடைக்குப் போடாதீர்கள்.

திரும்ப மாட்டும்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரு இன்ச் இடைவெளில நின்னுடுச்சு. போல்ட் போட்டு இறுக்கி இழுத்துடலாமா?

கூடவே கூடாது. இறுக்கினால் கியர்பாக்ஸின் காது (போல்ட் போகும் விளிம்பு) உடையும் அல்லது க்ளட்ச் ப்ளேட்டின் நடுப்பகுதி நசுங்கும். ப்ளேட் நடுவில் உட்காரவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். பழைய முன் தண்டு ஒன்று கிடைத்தால் அதை விட்டு நடுவாக்கிய பிறகே பிரஷர் ப்ளேட்டை இறுக்குங்கள். இல்லாவிட்டால் அதே அளவுக்கு மரத்தில் கடைந்துகொள்ளலாம். நடுவில் இருக்கிறது, ஆனாலும் போகவில்லை என்றால் தண்டின் பற்களும் ப்ளேட்டின் பற்களும் நேராகவில்லை. கியரில் போட்டு, ஒருவர் ஹேண்டிலை மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் எஞ்சினை ஆட்டிக்கொடுத்தால் தானே உள்ளே போய் உட்காரும்.

க்ராங்கின் முனையில் இருக்கும் சிறு வெண்கல புஷ்ஷையும் பார்த்துவிட்டீர்களா? அது எண்ணெயைத் தன்னுள் உறிஞ்சி வைக்கும் வகை. புதிதாகப் போடுவதை ஒரு நாள் முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறப் போட்டுப் பொருத்துங்கள்.

எல்லாம் மாட்டியாச்சு. செல்ஃப் போட்டா மோட்டார் மெதுவா சுத்துது, சோக் கேபிள்ல புகை வருது!

உடனே நிறுத்துங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். எஞ்சின் எர்த் பட்டையை மாட்டாமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது புது பெயின்ட்டின் மேல் மாட்டியிருக்கிறீர்கள். மவுன்டிங்குகள் ரப்பர், அதனால் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் மின்சாரம் போகும் வழி அந்தப் பட்டை மட்டும்தான். அது இல்லாதபோது செல்ஃப் மோட்டாருக்கான மொத்தக் கரண்ட்டும் கிடைத்த வழியாக, அதாவது சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கம்பி வழியாகப் பாய்கிறது. கேபிள் சிவந்துபோகும், உறை உருகும்.

பட்டையின் இரண்டு முனையிலும் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் தெரிய வைத்து இறுக்குங்கள். சூடான கேபிளை மாற்றிவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட் எப்படிப் பண்றது? நேரா சாவி திருப்பிடலாமா?

எண்ணெய், தண்ணீர் ஊற்றியதும் ப்ளக்குகளைப் போடாமல் செல்ஃப் மோட்டாரால் சுற்றுங்கள். பத்து விநாடி சுற்றினால் மோட்டார் ஆற நேரம் கொடுத்து, ஆயில் பிரஷர் காட்டும் வரைக்கும் விட்டு விட்டுச் செய்யுங்கள். முள் எழாவிட்டால் ஆயில் பம்ப் காற்றைத்தான் இழுக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ப்ளக் போட்டு ஸ்டார்ட் செய்தால் புதுப் பேரிங்குகள் முதல் நிமிடத்திலேயே கீறப்படும். ராக்கர் கவரைத் திறந்து, ராக்கர் தண்டு வரைக்கும் எண்ணெய் வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள்.

பிறகு ப்ளக், பக்கத்தில் தீயணைப்பான், பெட்ரோல் கசிகிறதா என்று பார்க்க ஓர் ஆள். கேம்ஷாஃப்ட்டோ டேப்பட்டுகளோ புதிது என்றால் ஐடிலில் விடாமல், சுமார் 2000 ஆர்.பி.எம்.மில் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். மெதுவாக ஓடும்போது கேமுக்குப் போதுமான எண்ணெய் தெறிக்காது. அணைத்து, முழுதாக ஆறிய பிறகு தண்ணீர் மட்டம், ஹோஸ் கிளாம்புகள், மேனிஃபோல்ட் நட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். ஹெட் நட்டுகளையும் வால்வு இடைவெளியையும் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மேனுவலில் சொன்னபடி மறுபடி சரிபார்க்க வேண்டும். முதல் ஆயிலை 500 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள்.